வாசகர் கேள்வி பதில்: மிளகுத் தண்ணீரும் மணி வில்லையும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, பழைய நுணுக்குக்காட்டிகளையும் பழைய பரிசோதனைகளையும் வீட்டிலோ பாடசாலையிலோ திரும்பச் செய்து பார்த்தவர்களுடையவை. செய்து பார்த்துச் சரிவராமல் போனவற்றுக்கு முதலிடம் தந்திருக்கிறோம்.

ரொபட் ஹூக்கின் நுணுக்குக்காட்டியில் இரண்டு மூன்று வில்லைகள் இருந்தன. லீவன்ஹூக்கிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஆனால் பற்றீரியாவை முதலில் கண்டவர் லீவன்ஹூக்தான். ஒற்றை வில்லை எப்படி வென்றது? அதை நாங்களே செய்யலாமா?
தரம் 11 மாணவன், களுவாஞ்சிக்குடி

இங்கிலாந்தின் ஹூக்கும் ஒல்லாந்தின் லீவன்ஹூக்கும் பதினேழாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள். அக்காலத்து வில்லைகள் ஒவ்வொன்றும் உருவின் ஓரத்தில் நிறக்கரை போடும், கொஞ்சம் மங்கலாக்கும். முதல் வில்லையின் குறையை அடுத்த வில்லை பெருப்பித்துக் காட்டும். ஆகவே வில்லை கூடக்கூட உரு பெரிதானது, தெளிவு குறைந்தது. ஹூக்கின் கருவி ஏறத்தாழ 50 மடங்கு காட்டியது. லீவன்ஹூக்கின் கருவிகளில் மிஞ்சியிருப்பவற்றுள் வலுவானது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருக்கிறது. அது 270 மடங்குக்குக் கிட்டக் காட்டுகிறது. இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே வில்லையாக ஒரு சின்னக் கண்ணாடி மணி, பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி, அதை நகர்த்தத் திருகாணிகள், அவ்வளவுதான் கருவி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி இழையை உருக்கி மணி செய்யும் முறையை 1665 இல் தன் 'மைக்ரோகிராபியா' நூலின் முன்னுரையில் எழுதி வைத்தவரே ஹூக்தான். ஒற்றை வில்லையில் தெளிவு கூட என்றும் அவருக்குத் தெரியும். கண் நோகிறது என்று ஒதுக்கிவிட்டார். லீவன்ஹூக் தன் முறையை யாருக்கும் சொல்லாமலே 1723 இல் இறந்தார். 2021 இல் நியூத்திரன் கதிரால் அந்த உட்ரெக்ட் கருவியின் உள்ளே பார்த்தபோது, மணியில் முறிந்த காம்பின் அடையாளம் தெரிந்தது. ஹூக் எழுதிய அதே முறை!

இனிச் செய்முறை. பாடசாலை ஆய்வுகூடத்தில் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண சோடாக் கண்ணாடிக் கோல் இருக்கும். அதன் நடுப்பகுதியைப் பன்சன் சுடரடுப்பில் உருட்டி உருட்டிச் சூடாக்குங்கள். வளையத் தொடங்கியதும் சுடரிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கையாலும் ஒரே இழுவையில் ஓரடி தூரத்துக்கு இழுங்கள். சுடருக்குள்ளே வைத்து இழுத்தால் இழை அறுந்துவிடும். அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த இழை கிடைத்தால் போதும். அதை விரல் நீளத்துக்கு முறித்து, நிமிர்த்திப் பிடித்து, கீழ் நுனியை நீலச் சுடரின் ஓரத்தில் மெல்ல இறக்குங்கள். நுனி தானாகச் சுருண்டு மணியாகி மேலே ஏறும். 2 மில்லிமீற்றர் ஆனதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் பெரிதாக்க ஆசைப்பட்டால் 3 மில்லிமீற்றருக்கு மேல் பாரத்தால் தொய்ந்து நீள்வட்டமாகிவிடும்.

பிழை வரும் இடங்கள்: குப்பி விளக்கில் செய்தால் கரி உள்ளே போய் மணி கறுக்கும். பைரெக்ஸ் கண்ணாடி ஸ்பிரிட் விளக்குக்கு உருகாது. கோலுக்குப் பதில் கண்ணாடிக் குழாயை எடுத்தால் உள்ளே இருக்கும் காற்று குமிழாக மாட்டும். மணியை விரலால் தொட்டால் அந்த ரேகை உருவை மங்கலாக்கும். காம்பைப் பிடித்தே தூக்குங்கள். இருபது மணி செய்தால் நாலைந்து தேறும், அதற்காகச் சலிக்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இழைத் துண்டுகளைக் கையால் கூட்டாமல் செலோடேப்பால் ஒற்றி எடுங்கள், ஊசியைவிட மோசமாக ஏறும்.

கறுப்புக் கடும் அட்டைத் துண்டுகள் இரண்டில் ஊசியால் துளை போட்டு, நடுவில் மணியை வைத்து ஒட்டுங்கள். காம்பு பக்கவாட்டில் இருக்கட்டும், ஒளி போகும் வழியில் வரக்கூடாது. துளை மணியின் விட்டத்தில் பாதிக்கு மேல் போனால் பால் கலந்ததுபோல் மங்கும். துளையைச் சின்னதாக்கினால் மங்கல் போகும், ஆனால் ஒளியும் குறையும்.

உருப்பெருக்கத்தை மணியின் விட்டத்தைக் கொண்டே கணிக்கலாம். குவியத்தூரம் விட்டத்தின் 0.73 மடங்கு. 250 ஐ (கண் தெளிவாகப் பார்க்கும் கிட்டிய தூரம், மில்லிமீற்றரில்) அந்த மில்லிமீற்றர் அளவால் பிரியுங்கள். 3 மில்லிமீற்றர் மணிக்கு 114 மடங்கு, 2 இற்கு 171, 1 இற்கு 342. ஆனால் 2 மில்லிமீற்றர் மணியில் பொருள் மணியின் மேற்பரப்பிலிருந்து வெறும் 0.46 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்க வேண்டும். செய்து பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பொருளை வைக்கும் கண்ணாடித் தகடான சாதாரண வழுக்கியின் தடிப்பே 1 மில்லிமீற்றர், அதனூடாகப் பார்த்தால் குவியம் கண்ணாடிக்குள்ளேயே விழும். பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டின் பக்கத்தை மணிக்கு நேரே திருப்பிப் பிடியுங்கள். மூடித்துண்டு 0.17 மில்லிமீற்றர்தான். கண்ணிமை மயிர் அட்டையில் முட்டுமளவு கிட்ட வைத்து, யன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம்.

கண்ணாடி உருக்க வசதி இல்லாதவர்களுக்கு: 1696 இல் ஸ்டீபன் கிறே தண்ணீர்த் துளியையே வில்லையாக்கினார். ஊசித் துளையில் நிற்கும் 2 மில்லிமீற்றர் துளி, உருண்டையாக நின்றால், 125 மடங்கு காட்டும். நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்துபோகும் என்பதுதான் கஷ்டம்.

லீவன்ஹூக்கின் மிளகுப் பரிசோதனையைப் பிள்ளைகளைக் கொண்டு செய்வித்தேன். மூன்றாம் நாள் 400 மடங்கில் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. எங்கே பிழை?
விஞ்ஞான ஆசிரியை, கல்முனை

பிழை கலண்டரில், ரீச்சர். ஒளியிலும் கொஞ்சம் இருக்கலாம்.

லீவன்ஹூக் உயிர்களைத் தேடி மிளகை ஊறவைக்கவில்லை. மிளகு ஏன் உறைக்கிறது என்று அறியத்தான் அவர் ஊறவைத்தார். (ஒல்லாந்தர் நம் கரையோரத்தை ஆண்ட காலம். அவருடைய ஊரான டெல்ஃப்ட் நகரில் மிளகுக்குப் பஞ்சமிருந்திராது.) ஏறத்தாழ மூன்றிலொரு அவுன்ஸ், அதாவது 10 கிராமுக்குச் சற்றுக் குறைந்த முழு மிளகு. இடையில் உறைபனி உருகிய தண்ணீரைச் சேர்த்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு, 1676 ஏப்ரல் 24 இல், தண்ணீருக்குள் நம்பமுடியாத தொகையில் நீந்தும் உயிர்களைக் கண்டார். இதை இலண்டன் விஞ்ஞானச் சங்கமான ரோயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அவர்கள் அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்கவில்லை. ஹூக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். 1677 நவம்பரில் அவர் முதலில் காட்டியது ஊறவைத்து இரண்டு மூன்று நாளே ஆன தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது பத்து நாள் ஊறியதை எடுத்து, மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பார்த்தபோதுதான் எல்லோரும் கண்டார்கள். உங்கள் வகுப்புக்கு நடந்தது ஹூக்குக்கும் நடந்ததே.

இங்கே குளிரில்லாதபடியால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. 100 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீருக்கு 5 கிராம் முழு மிளகு. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் பறக்க, அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வையுங்கள். மிளகுத் தூள் வேண்டாம், பொடியே பார்வையை நிரப்பிவிடும். வாய் அகன்ற போத்தல், மேலே மெல்லிய துணி, வெயில் படாத மூலை. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கி மணக்கும். அது பற்றீரியா பெருகும் கட்டம். பற்றீரியாவைத் தின்னும் பிசிருயிர்கள் (மயிர்போன்ற பிசிர்களால் நீந்தும் ஒற்றைக் கல உயிர்கள்) அதற்குப் பிறகே பெருகும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை தினமும் பாருங்கள். மேலே ஆடை கட்டியதும் அதற்குச் சற்றுக் கீழிருந்து உறிஞ்சியால் ஒரு துளி எடுங்கள். அடியிலுள்ள தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கூட்டம் மேலேதான்.

முதலில் 100 மடங்கில் தேடுங்கள். நேரே 400 இற்குப் போனால் ஓடும் உயிர் பார்வையை விட்டு நொடியில் மறையும். அடுத்தது ஒளி. சாயமிடாத உயிர்கள் கண்ணாடிபோல இருப்பவை, முழு ஒளியில் கரைந்தே போகும். மேடைக்குக் கீழுள்ள, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மென்றகட்டைப் படிப்படியாக மூடி, தண்ணீர் சற்று இருண்டு ஓரங்கள் கறுப்பாகத் தெரியும்வரை கொண்டு வாருங்கள். பாடசாலை நுணுக்குக்காட்டிகளில் இந்த ஒரு நெம்புகோலைத்தான் பிள்ளைகள் தொடுவதே இல்லை.

400 இல் பற்றீரியா வெறும் புள்ளி. புள்ளி ஆடினால் உயிர் என்று எழுதிவிட வேண்டாம். நின்ற இடத்திலேயே நடுங்குவது தூசும் செய்யும். 1827 இல் ரொபட் பிரவுண் கவனித்தது அந்த நடுக்கத்தைத்தான். பக்கத்துப் புள்ளிகள் ஒரு பக்கம் ஒழுகும்போது எதிர்த்துப் போவது, திரும்பி வருவது, இவை தெரிந்தால்தான் நீந்துகிறது என்று சொல்லலாம்.

இன்னொன்று. மிளகிலிருந்தா உயிர் வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். மிளகில்லாத தண்ணீர் ஒரு போத்தல், மிளகோடு கொதிக்க வைத்து மூடியது ஒரு போத்தல், பக்கத்தில் வையுங்கள். கொதித்ததிலும் சில நாளில் கலங்கல் வரக்கூடும். 1745 இல் ஆங்கிலேயப் பாதிரியார் நீதாம் இதைக் கண்டுதான் உயிர் தானே தோன்றுகிறது என்றார். 1765 இல் இத்தாலியரான ஸ்பலன்சானி குடுவையின் கழுத்தை நெருப்பில் உருக்கி மூடி, ஒரு மணி நேரம்வரை கொதிக்க வைத்தார், கலங்கவில்லை. சில பற்றீரியாக்களின் வித்திகள் சிறிது நேரக் கொதிப்புக்குச் சாகா என்பது பிறகு தெரிந்தது. வகுப்பில் இரண்டு நிமிடம் கொதித்ததையும் நாற்பது நிமிடம் கொதித்ததையும் ஒப்பிட்டால் அந்தப் பெரிய சண்டையே மேசையில் இருக்கும். வேலை முடிந்ததும் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும்.

அளவுகோலே இல்லாமல் அவ்வளவு சின்னதை எப்படி அளந்தார்கள்?
வாசகர், ஏறாவூர்

மணலால். லீவன்ஹூக் பக்கத்தில் ஒரு மணல்மணியை வைத்துக்கொண்டு, இந்த உயிரை நீளத்துக்கு அடுக்கினால் எத்தனை கொள்ளும் என்று மதிப்பிட்டார். 100 கொள்ளும் என்றால், கன அளவில் 100 ஐ மூன்று முறை பெருக்கிப் பத்து இலட்சம். அவர் கடிதங்களில் வரும் பெரிய எண்கள் பலவும் இப்படிப் பிறந்தவை. ஹூக்கும் தக்கையில் அதையே செய்தார்: ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் சுமார் 60 கலங்கள், ஆக ஓர் அங்குலத்தில் 1080, ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கு மேல். நல்ல தக்கை கிடைக்காவிட்டால் மரவள்ளித் தண்டின் நடு வெண்சோற்றைப் புது பிளேட்டால் சீவி எண்ணிப் பாருங்கள். ஓரம் ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாக இருந்தால் போதும், முழுத் துண்டும் மெல்லியதாக வேண்டியதில்லை.

இன்று எளிய வழி: தெளிவான பிளாஸ்டிக் அடிமட்டத்தை மேடையில் வைத்து, 4 மடங்குப் பொருள் வில்லையில் பார்வை வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். பெரும்பாலும் 4.5 வரும். 40 மடங்குப் பொருள் வில்லைக்கு அதைப் பத்தால் பிரிக்க, 0.45. வட்டத்தின் பாதியை அடைக்கும் பரமீசியம் என்ற பிசிருயிர் அப்போது ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர்.

ரெடியின் புழுப் பரிசோதனையை மகனின் செயற்றிட்டத்துக்குச் செய்தோம். நுளம்பு வலை கட்டிய போத்தலிலும் புழு வந்துவிட்டது. ரெடி சொன்னது பொய்யா?
வாசகி, மருதமுனை

பொய்யில்லை. உங்கள் வலையும் மீனும்தான் சந்தேகத்துக்குரியவை.

இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று காட்ட, 1668 இல் இத்தாலியரான பிரான்சிஸ்கோ ரெடி பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி என நான்கு குடுவைகளை மூடியும், அதேபோல் நான்கைத் திறந்தும் வைத்தார். திறந்ததில் புழு வந்தது, மூடியதில் வரவில்லை. காற்று இல்லாததால்தான் வரவில்லை என்று எதிர்ப்பவர்கள் சொல்லக்கூடும் என்றே, காற்றுப் போகும் மெல்லிய துணியால் மூடி மறுபடி செய்தார். ஈக்கள் துணியின் மேலேயே முட்டையிட்டதையும் கண்டார். அதனால் குடுவையைத் துணி போர்த்த ஒரு சட்டத்துக்குள்ளும் வைத்தார். உங்கள் போத்தலில் அந்த இரண்டாம் துணி இல்லை. நுளம்பு வலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கு மேல். வலையில் பொரித்த குஞ்சுப் புழு அதனூடாக நூல்போல இறங்கிவிடும். முட்டையே இடாமல் உயிருள்ள புழுவை விடும் இறைச்சி ஈக்களும் உண்டு. வொயில் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, மீனுக்கும் துணிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். வெளியே இன்னொரு துணிக் கூடு.

மீன்: சந்தையில் திறந்து கிடந்த சாளையின் பூவிலும் வாயிலும் முட்டை ஏற்கெனவே ஏறியிருக்கும். அரிசிக் குருணைபோல வெள்ளைக் கட்டியாகத் தெரியும். வாங்கியதும் துண்டாக்கி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, எல்லாப் போத்தலுக்கும் ஒரே அளவு, 50 கிராம் போடுங்கள். திறந்தது ஒன்று, துணி கட்டியது ஒன்று, மூடியது ஒன்று. மூடியதற்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டாம், அழுகும் வாயு அமுக்கும். எறும்பு வந்தால் முட்டையைத் தூக்கிப்போய் உங்கள் முடிவையே மாற்றிவிடும், ஆகவே போத்தல்களைச் சவர்க்காரத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். திறந்த போத்தலில் இரண்டாம் நாளே அசைவு தெரியும். நாலாம் நாள் கொதிநீர் ஊற்றி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். அயலவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

உயிரோடு எறும்பைப் பார்க்க முடியவில்லை, ஓடுகிறது. கொல்ல மனமில்லை.
தரம் 8 மாணவி, பொத்துவில்

ஹூக்குக்கும் இதே தொல்லைதான். மெழுகில் காலை ஒட்டினால் உடலை முறுக்கியது. கடைசியில் சாராய வடிநீரில் நனைத்தார். செத்ததுபோல் ஒரு மணி நேரம் கிடந்த எறும்பு திடீரென்று எழுந்து ஓடிவிட்டது. நீங்கள் மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வேண்டாம், அங்கே செத்துவிடும். எடுத்த பிறகு ஓரிரு நிமிடம் அசையாமல் இருக்கும். தண்ணீரில் ஓடும் பரமீசியத்துக்கு, பிய்த்த பஞ்சு இழைகளைத் துளிக்குள் போட்டு மூடினால் வேலிக்குள் மாட்டிய மாடுபோல் ஓரிடத்தில் சுற்றும்.

ஒரு மரம் தண்ணீரை மட்டும் குடித்து வளர்ந்ததாக நிரூபித்த பரிசோதனை உண்டாமே?
வாசகர், அக்கரைப்பற்று

பிளெமிய மருத்துவர் வான் ஹெல்மொன்ற் செய்தது. அவர் இறந்தபின் 1648 இல் அச்சானது. அடுப்பில் உலர்த்திய மண் 200 இறாத்தல், வில்லோக் கன்று 5 இறாத்தல், தூசு விழாமல் துளையிட்ட தகர மூடி. ஐந்து வருடம் மழைத் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். மரம் 169 இறாத்தல் 3 அவுன்ஸ், மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். நிறுவையில் குற்றம் சொல்ல முடியாது. காற்றைக் கணக்கில் எடுக்காததே குறை. 62 இறாத்தல் கரியை எரித்தால் ஓர் இறாத்தல் சாம்பலே மிஞ்சுகிறது, மிச்சம் வாயுவாகப் போகிறது என்று எழுதியவரும் அவரே. போகும் வாயு திரும்பி வந்து மரமாகும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

1699 இல் ஜோன் வூட்வேட் வெவ்வேறு தண்ணீரில் புதினாவை வளர்த்தார். மண் கலந்த தண்ணீரில் கூட வளர்ந்தது, ஆகவே தாவரம் மண்ணால் ஆனது என்றார். அவரும் பாதிதான் சரி. இதைக் கங்குன் தண்டில் செய்யலாம். 15 சென்ரிமீற்றர் தண்டுகளை நிறுத்து, மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஒரு பிடி தோட்ட மண் கலக்கித் தெளியவைத்த தண்ணீர் என மூன்று போத்தல். பாசி பிடிக்காமல் கறுப்புக் கடதாசி சுற்றுங்கள். தண்டில்லாத நாலாம் போத்தல் ஆவியாதலைக் காட்டும். வாயைப் பஞ்சால் நன்றாக அடையுங்கள், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில் கங்குனுக்கு முன் நுளம்புக் குடம்பி வளர்ந்து பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாசலில் நிற்பார்.

கல்லடிப் பாலத்தடியில் எடுத்த வாவித் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் கிணற்றுத் தண்ணீர் விட்டுத் தெளிவாக்கிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தவை வீங்கி நின்றுவிட்டன. ஏன்?
வாசகர், கல்லடி

மட்டக்களப்பு வாவித் தண்ணீர் உவர். அதில் வாழ்பவற்றின் உடலிலும் உப்புக் கூட. நன்னீர் சேர்ந்ததும் பிரசாரணத்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து வீங்கும், சில வெடிக்கும். தெளிவாக்க வேண்டுமென்றால் அதே வாவித் தண்ணீரைக் கோப்பி வடிதாளில் வடித்துச் சேருங்கள். அதைவிட நல்லது, பழைய நைலோன் காலுறையைக் கம்பி வளையத்தில் கட்டி, நுனியில் சின்னப் போத்தலைப் பொருத்தி, பத்து வாளித் தண்ணீரை அதனூடாக ஊற்றுவது. பெரியவை போத்தலில் சேரும், சேறு பெரும்பாலும் போய்விடும். போத்தலைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், நிழலில் கொண்டுபோய் இரண்டு மணி நேரத்துக்குள் பாருங்கள். வாடைமழைக் காலத்தில் வாவி நன்னீர் பக்கம் சாயும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டினால் கடல் ஏறும். ஆகவே குறிப்பேட்டில் திகதியோடு முகத்துவாரம் திறந்திருந்ததா, கடைசியாக மழை எப்போது பெய்தது என்பதையும் எழுதுங்கள். தை மாதம் கண்ட உயிரை ஆவணியில் அதே இடத்தில் தேடிக் காணாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.